கழற்ற முடியாத கவசம்

தாம்பரே,
வியாழன் காலை.

அன்புள்ள ஹன்னுவுக்கு,

இங்கே நலம். சியோலில் நீயும் நலமாக இருப்பாய். நாய்க்குக் கால் சரியாகிவிட்டது. வாசலில் பனி இறுகி வழுக்குகிறது. நேற்று போனைப் பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

இர்மெலி விஷயம்தான். 'அந்த ஒரு பொம்பள' என்றாயே, அவர்தான். ஐம்பத்தாறு வயது, வடக்கே ரோவனியமி ஊரில் பஸ் ஓட்டுகிறார். வண்டி கிளம்பும்வரை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போனில் நம் கம்பெனி விளையாட்டை ஆடுவார். அதில் ஆறு வருடமாக 'வெறுங்கை' என்ற குழுவை நடத்திவந்தார். அவரோடு சேர்த்து ஒன்பது பேர். விளையாட்டுக்குள் இருக்கும் நம் கடையில் ஒரு சென்ட்கூடச் செலவழிக்கக் கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் சட்டம்.

காசு கட்டி மேலே ஏறியவர்கள் பொது அரட்டையில் இவர்களைச் சும்மா விடுவதில்லை. "பிச்சக்காரக் கெழவி, போய் பஸ்ஸ ஓட்டு" என்பது அதில் நான் இங்கே எழுதக் கூசாத ஒன்று. இர்மெலி மூன்று முறை புகார் செய்தார். காசு கொடுத்தால்தான் ஜெயிக்கலாம் என்று ஆக்கிவிட்டு, கொடுக்காதவர்களைக் கேவலப்படுத்தவும் இடம் கொடுக்கிறீர்களே என்று கேட்டிருந்தார். முதல் இரண்டுக்கும் நம் வழக்கமான தயார் பதில் போனது. மூன்றாவது என்னிடம் வந்தது.

அன்று என் முன்னால் முந்நூறு புகார். பாதிதான் படித்தேன். 'மன வருத்தத்துக்கு ஈடு' என்ற பொத்தானை அழுத்தினேன். அவருக்குத் தங்கக் கவசம் போய்விட்டது. கடையில் காசுக்கு மட்டுமே கிடைக்கும் கவசம். அதை அணிந்தவர் பெயரைச் சுற்றித் தங்கக் கோடு விழும், எல்லோர் கண்ணிலும் படும்.

வெறுங்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "எங்களுக்குச் சட்டம், உனக்குக் கடையா? எத்தன நாளா இந்த நாடகம்?" என்று கேட்டிருக்கிறார்கள். கம்பெனி சும்மா கொடுத்தது என்று இவர் சொன்னதற்கு, "அவங்க சும்மா தும்மக்கூட மாட்டாங்க" என்று ஒருவன் சிரித்திருக்கிறான். ஓட்டெடுத்து வெளியே தள்ளிவிட்டார்கள். எட்டுப் பேரும் ஒரே பக்கம்.

அவர் என்னைப் போனில் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஆறு வருஷமா கெட்ட வார்த்தயத் தாங்கிக்கிட்டேம்மா. நீ குடுத்த பரிசத் தாங்க முடியல, கழட்டிடு" என்றார். முடியாது என்றேன். ஒருமுறை ஏறிய தங்கம் இறங்கக் கூடாது என்று விதி எழுதியவன் நீ. மாற்றும் அனுமதியும் உன்னிடம்தான் இருக்கிறது. அது என் புருஷன் எழுதிய விதி என்று அவரிடம் சொல்ல நாக்கூசியது.

நீ என்னடாவென்றால், "இன்னொரு பரிசு குடு, அடங்கிருவா" என்கிறாய். கோட்டை அழித்தால், கவசம் சும்மாவும் கிடைக்கும் என்று வெளியே தெரிந்து காசு கட்டியவர்கள் கொதிப்பார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது ஹன்னு. நம் முதல் நூறு புகாருக்கும் நீயே உட்கார்ந்து, உன் பெயர் போட்டுப் பதில் எழுதினாய். அந்த ஆளைத்தான் நேற்று கூப்பிட்டதாக நினைத்தேன்.

இன்று எட்டு மணிக்கு விளையாட்டின் முகப்பில் அறிவிப்புப் போட்டுவிட்டேன். இர்மெலி கவசத்தை வாங்கவில்லை, புகாரைப் படிக்காமல் நான் கொடுத்தது, தவறு என்னுடையது. கீழே என் முழுப் பெயர். உன் போன் இந்நேரம் அலறிக்கொண்டிருக்கும். அறிவிப்புக்குக் கீழே வெறுங்கைக்காரன் ஒருவன், "கோடு இன்னும் இருக்கே, எப்படி நம்புறது?" என்று எழுதியிருக்கிறான். அவன் கேட்பது நியாயம்தானே.

என்னை வேலையை விட்டு எடுப்பதானால் எடு. அந்தக் கோட்டை மட்டும் அழித்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருந்து எடுத்துக்கொள். சனிக்கிழமை வழக்கம்போல் நீராவியில் குளிக்கச் சவுனாவை மூட்டுவேன். அழித்துவிட்டு வா. அழிக்காமல் வருவதாக இருந்தால், உன் அம்மா வீட்டுச் சவுனாவும் சூடாகத்தான் இருக்கும்.

இன்னும் உன் மனைவியாகவே இருக்கும்,
கிர்சி