மூன்று மிஸ்டு கால்

புனே

அன்புள்ள ஆனந்த் மாமாவுக்கு,

மாதா தயவில் நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? அத்தைக்குக் கால்வலி எப்படி?

ஆபீஸ் முடிந்து போகும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு வகுப்பில் இப்போது ஒரு வினோதக் கணக்கு. நட்சத்திரக் குறி போட்டு, அதற்கு அவர்களே ஒரு பொருள் வைக்கிறார்கள். பிறகு இரண்டு தகவல் தந்து, விடை காண இவை போதுமா என்று மட்டும் கேட்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாமும் அப்படித்தானே? ஒரு மிஸ்டு கால் என்றால் குடிகாடு கெமிக்கல் கம்பெனிக்குள் போகிறீர்கள். இரண்டு என்றால் நல்லபடியாக வெளியே வந்துவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை மாதிரித் தேர்வு நடுவே மூன்று வந்தது. மூன்றுக்கு நாம் பொருளே வைக்கவில்லையே! வெளியே ஓடிவந்து கூப்பிட்டால் உங்கள் போன் ஸ்விட்ச் ஆஃப். திரும்பிப் போய், மீதிக் கணக்குக்கெல்லாம் ‘தகவல் போதாது’ என்றே குறித்துவிட்டேன். ராத்திரி நீங்கள், “கை தவறிப் பட்டுடுச்சு. இதுக்குப் போயி அழுவுறியா?” என்றீர்கள். அழவில்லை மாமா, சளி.

லீவுக்கு ஊர் வந்திருக்கும் சார்லஸ் அண்ணன் இங்கே திரும்பும்போது நெத்திலிக் கருவாடும், நீங்கள் வேலைக்குப் போடும் சட்டை ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். துவைத்ததே போதும், அந்தக் கம்பெனி வாடை போகாது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மூன்றுக்கு நானே பொருள் வைத்துவிட்டேன்: சும்மா உன் நினைப்பு வந்தது. அடிக்கடி கை தவறட்டும்.

உங்கள் அனிதா