முழங்காலுக்குக் கீழே வெந்தது

மகன் சுடலைக்குமாருக்கு,

நான் வாய்மூடி இருந்தது போதும். உன் அம்மாவுக்கு உயிர் இருக்கிறது, நான் சோறு தின்கிறேன், இங்கே நலம் என்று எழுத இவ்வளவுதான் உண்டு. அபுதாபியில் நீ நலமாகத்தான் இருப்பாய். உன் மாமன் கண்ணபிரான் தன் கடம்பூர் போளிக் கடைக்குப் பின்னால் சிலிண்டர் அறையைப் பள்ளமாகக் கட்டும்போதே சொன்னேன், காஸ் வெளியேறும் துவாரத்தைத் தரையோடு வை, கூரை ஓரத்தில் வைத்தால் பிரயோசனம் இல்லை என்று. "அத்தான், பாடத்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு நடத்துங்க, காஸு மேலதான் போவும்" என்று வேலையாட்கள் முன்னால் சிரித்தான். சிலிண்டர் கசிந்த அன்று, தம்பிக்கு ஒத்தாசையாகப் போன உன் அம்மா அந்தப் பள்ளத்தில் இறங்கினாள். கூரை ஓரத்தில் அவன் வைத்த ஜன்னல் திறந்துதான் கிடந்தது. பக்கத்து அறை அடுப்பிலிருந்து தீ தரையோடு ஓடி வந்து அவள் கால்களைப் பிடித்தது. ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது, முகத்தில் ஒரு கொப்புளம் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் "அக்காதான் கவனமில்லாம இறங்கிட்டா" என்றான். கையிலிருந்த டிபன் கேரியரால் தாடையில் அடித்தேன், இரண்டு பல் கீழே விழுந்தது. கூட்டம் பிடிக்காவிட்டால் மண்டையை உடைத்திருப்பேன், இன்றும் அந்த ஆசை போகவில்லை. அவனுக்காக நீ, விபத்தை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரிடம் போனில், "நான் காஸ் ஆலை இன்ஜினியர், அந்த ஜன்னலே போதும்" என்று சொல்லியிருக்கிறாய். அவன் மகள் பாண்டிச்செல்வியைக் கட்டிக்கொள், அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பொய் எதற்கு? நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை உனக்கு நடத்தியவன் நான். அழுத்தத்தை மூலக்கூறு நிறையால் பெருக்கி, வாயு மாறிலியும் கெல்வின் வெப்பநிலையும் சேர்ந்த பெருக்கலால் வகுத்தால் அடர்த்தி. ஒரே அறையில் அழுத்தமும் வெப்பநிலையும் காற்றுக்கும் காஸுக்கும் ஒன்றுதான், மிச்சம் மூலக்கூறு நிறை. காற்றுக்கு இருபத்தொன்பது, சமையல் வாயுவுக்கு ஐம்பது பக்கம். அன்றைய வெயிலில் ஒரு கனமீட்டர் காற்று ஒரு கிலோ சொச்சம், காஸ் இரண்டு கிலோ. தண்ணீரைப்போலப் பள்ளத்தில்தான் கிடக்கும். நீ கணக்கில் தப்பவில்லை, தெரிந்தே அம்மாவின் காலை விற்றாய்.

கட்டுப் பிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "அவன நல்லா இருக்கச் சொல்லுங்க, வெயில்ல அலைய வேண்டாம்னு எழுதுங்க" என்கிறாள். அந்த ஆசீர்வாதம் அவளுடையது. இன்ஸ்பெக்டரைத் திரும்பக் கூப்பிட்டு, காஸ் கீழேதான் தங்கும் என்று சொல். அதுவரை 'இப்படிக்கு, உன் அப்பா' என்று எழுத என் கை வராது. கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.