நோட்டில் எழுதிய இடது முழங்கால்

மின்னி பே,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தமிழரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக மனம் வரவில்லை, அதனால் கேட்கிறேன், நலமாகத்தான் இருக்கிறாயா? ஊருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள், குழாயில் தண்ணீர் மட்டும் பழையபடி மூன்று நாளைக்கு ஒரு முறைதான். மெயின்லேண்டிலிருந்து தீவுக்கு வரும் கப்பல் தாமதம், தக்காளி விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பி வந்தேன். அப்பா வாரம் முழுக்க பாராடாங் ஃபெர்ரியில் வண்டி ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்தால் தூங்குகிறார்.

இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் நான் உனக்கு அனுப்பிய குரல் பதிவை நீ உன் ஜெபக் குழுவில் போட்டாய், அங்கே இருக்கிற சிஸ்டர்கள் அதைக் கேட்டு எனக்குள் இருக்கும் சந்தேக ஆவி விலக ஜெபித்தார்களாம். நீயே சந்தோஷமாகச் சொன்னாய். எனக்குச் சந்தேகம் இருப்பது உண்மைதான், அது ஆவி இல்லை, நாற்பத்து நாலு வயதில் தாமதமாக வந்த புத்தி. என்னோடு வேலை செய்யும் ஜெயராணி அக்கா கண் ஆபரேஷனுக்கு நாளைக் காலை பிளேனில் சென்னை வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இதை நீ மட்டும் படி.

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி வேலையை ராஜினாமா செய்துவிட்டு பிரதர் கிருஷ்ணமூர்த்தியின் ஊழிய வீட்டில் போய்த் தங்கப் போகிறேன் என்கிறாய். ஏன் என்றால் அந்தக் கைக்கடிகாரத்தைச் சொல்கிறாய். கூட்டத்தில் உன்னைத் தனியாக எழுப்பி நிறுத்தி, மகளே, ஒரு கடிகாரத்தைப் பார்க்கிறேன், கடலோரத்தில் ஒருவனிடம் அதைத் திருப்பிக் கொடுத்தாய், அன்றைக்கு நின்றது உன் நேரம் என்றாராம். கோகுலோடு பேசி வைத்திருந்த கல்யாணம் முறிந்து, ஹேவ்லாக் படகுத்துறையில் அவன் கொடுத்த கடிகாரத்தை நீ திருப்பிக் கொடுத்தது நம் வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது, அப்படியென்றால் பிரதருக்குச் சொன்னது கர்த்தர்தான் என்கிறாய். இல்லை தமிழு. அவருக்குச் சொன்னது நான்.

நம் சபைப் பெண்கள் கூட்டத்தில் புதன்கிழமை ஜெபக் குறிப்பு நோட்டு எழுதுகிறவள் நான்தானே. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று என் தலையில் கட்டினார்கள். ஒவ்வொருத்தியும் சொல்லச் சொல்ல எழுதுவேன், கடைசியில் என்னுடையதை எழுதுவேன். நீ அழுதுகொண்டே மெயின்லேண்டுக்குப் போன வாரம், அந்தக் கடிகாரம் வரைக்கும் ஒன்று விடாமல் எழுதி, என் மகளுக்கு ஆறுதல் வேண்டும் என்று முடித்தேன். விவரம் குறைந்தால் கர்த்தருக்குப் புரியாது என்று நினைத்தேன் போல. நோட்டு சபை பீரோவுக்குள் போய் அங்கேயே இருக்கிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

போன மாதம் பிரதர் இங்கே வந்து மூன்று நாள் கூட்டம் நடத்தியபோதுதான் முதலில் உறுத்தியது. பக்கத்து வீட்டு மருதாயி அக்காவை முன்னால் கூப்பிட்டு, அம்மா உங்கள் இடது முழங்காலில் ஒரு கட்டு இருக்கிறது, இன்றைக்கு அறுந்தது என்றார். சபை முழுக்க அல்லேலூயா. அக்காவுக்கு வலி வலது காலில். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வழுக்கி விழுந்த நாளிலிருந்து வலது கால்தான். நோட்டில் அவசரத்தில் இடது என்று எழுதியவள் நான். என் தப்பு அப்படியே பரலோகம் வரை போய்த் திரும்பி மைக்கில் வருமா? வீட்டுக்கு நடந்து வரும்போது அக்காவிடம் கேட்டேன், உங்களுக்கு வலதுதானே என்று. ஆமாங்க தங்கச்சி, ஆனா ஊழியக்காரரே சொல்லிப்புட்டாரே, வலி இடதுலதான் குந்தியிருக்கும், எனக்குத்தான் வெளங்கல என்கிறார். இப்போது வலது காலுக்குச் சாப்பிட்ட மாத்திரையை நிறுத்திவிட்டு இடது காலுக்கு எண்ணெய் தேய்க்கிறார். முன்பு நொண்டிக்கொண்டாவது குழாயடிக்கு வருவார், இப்போது அவர் குடத்தையும் நான்தான் தூக்குகிறேன்.

அதே கூட்டத்தில் பழனியாண்டி அண்ணன் தலையிலும் கை வைத்தார். அண்ணனுடைய தம்பி டிங்கிப் படகில் மீன் பிடிக்கப் போய் அப்போது நாலு நாளாகத் திரும்பியிருக்கவில்லை. மூன்று தெருவுக்குத் தெரிந்த செய்தி, நோட்டில் மட்டும் இல்லை, ஏனென்றால் அது பெண்கள் நோட்டு. பிரதர் கண்ணை மூடிக்கொண்டு, சந்தோஷச் செய்தி உன் வாசலில் நிற்கிறது என்றார். அண்ணன் எழுந்து வெளியே போனார். தம்பி இன்று வரை கிடைக்கவில்லை.

மறுநாள் சபையின் வாட்ஸப் குழுவைப் பார்த்துக்கொள்ளும் வைஜெயந்தியிடம் நேராகக் கேட்டேன். அவள் மறைக்கக்கூட இல்லை. ஆமாக்கா, ஒவ்வொரு புதனும் நோட்டை போட்டோ எடுத்து பிரதருக்கு அனுப்புறேன், அவர் உபவாசம் இருந்து ஜெபிக்கிறார்ல என்றாள், பெருமையாக. கமிட்டிப் பெரியவர்களிடம் போனேன். அரே சிஸ்டர், ஹால் நிரம்பி வழியுது, சோடோ நா, விட்டுத் தள்ளுங்க என்று சிரித்தார்கள். அவர்களுக்கு நிரம்பிய நாற்காலி தெரிகிறது, அதில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தெரியவில்லை. கூலி வேலைக்குப் போகிறவளும் புருஷனிடம் அடி வாங்குகிறவளும் வேறு யாரிடமும் சொல்ல முடியாததைத்தான் அந்த நோட்டில் சொல்கிறார்கள். அதை இந்தப் பிரதர் திருடி அவர்களிடமே தரிசனம் என்று கொடுக்கிறான். இனி அவனை அவர் என்று எழுத என் கை வராது.

அப்பாவிடம் சொன்னேன். ஃபெர்ரியில நானும் சலானைப் பாத்துத்தான் எந்த லாரியில என்ன சரக்குன்னு சொல்றேன், என்னை ஒருத்தனும் தீர்க்கதரிசின்னு கும்பிடலையே என்றார். உன் சிஸ்டர்கள் அவிசுவாசி என்று சொல்லும் அதே அப்பாதான் இத்தனை வருஷமும் ஞாயிறு காலை என்னை ஸ்கூட்டரில் கொண்டுபோய் சபை வாசலில் விட்டார். நம் பழைய போதகரை நினைத்துப் பார். அவருக்கு யாரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, என்னம்மா ஆச்சு என்று கேட்பார், நாம் சொன்னதை வெளியே கொண்டு போக மாட்டார். கேட்காமலே எல்லாம் தெரியும் என்கிறவனையும், பெற்றவர்களிடம் கேட்காதே என்கிறவனையும், வேலையை விட உனக்குத் தேதி குறிக்கிறவனையும் கர்த்தர் பெயரைச் சொன்னான் என்பதற்காக நம்பாதே.

நான் சொல்லி நீ நம்ப மாட்டாய். என் பிடிவாதம்தானே உனக்கும். அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். முந்தாநாள் புதன்கிழமை உனக்காக நோட்டில் புதிதாக ஒரு குறிப்பு எழுதினேன். என் மகள் ஏழு வயதில் பாராடாங் படகுத்துறையில் தண்ணீரில் விழுந்து மூழ்கப் போனாள், அந்தப் பயம் இன்னும் அவளை விடவில்லை, விடுதலைக்காக ஜெபியுங்கள் என்று. வைஜெயந்தி என் கண் முன்னால் போட்டோ எடுத்தாள். ஜெபக் குறிப்பில் பொய் எழுதியது பாவம்தான், கர்த்தரிடம் சொல்லிவிட்டேன், தண்டனை இருந்தால் எனக்குக் கொடும், பிள்ளையை விட்டுவிடும் என்று. இந்த ஞாயிறு அவன் உன்னைப் பார்த்து, தண்ணீர் தெரிகிறது, ஒரு சின்னப் பெண் தெரிகிறாள் என்று தொடங்கினால் அழாதே, ஆமென் சொல்லாதே, பையை எடுத்துக்கொண்டு வெளியே வா. கடிதம் வருவதற்குள் சொல்லிவிட்டிருந்தால், நமக்குத்தான் நினைவில்லை போல என்று நீயும் நம்பியிருந்தால், வெட்கப்படாதே. மருதாயி அக்கா தன் காலையே நம்பவில்லை. அவன் ஒன்றுமே சொல்லாவிட்டால் அக்காவுக்குப் போன் போட்டு, வழுக்கி விழுந்ததில் அடிபட்டது எந்தக் கால் என்று மட்டும் கேள். கடிகாரத்தை எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. அடுத்த புதன்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெண்கள் முன்னால் நிற்கப் போகிறேன், எழுதியவள் என்கிற முறையில்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும், உன் கண்ணையும் திறந்து வைக்கட்டும். ராஜினாமா எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிட்டுத் திங்கள் டியூட்டிக்குப் போ. ஜெயராணி அக்காவுக்குச் சென்னை புதிது, ஆட்டோவில் தனியாக ஏற்றி அனுப்பாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. நீ தண்ணீரில் விழவே இல்லை. ஏழு வயதில் அந்தப் படகுத்துறையில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாய், ஃபெர்ரி வந்து கரை தட்டும் வரை விடவே இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயமணி