கலாவதி மாமியின் கண்ணாடி வீடு

லா சப்பல், பாரிஸ்
4 பெப்ரவரி 2014

அன்புள்ள மாமிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவின் போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல, கடையில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இந்த வீட்டின் எழுத்து வேலை முழுக்க என் தலையில்தான்.

"அக்கா, அத்தானும் இப்ப இல்லை. அந்தப் பாலைவனத்திலை, நாலு பக்கமும் கண்ணாடி வைச்ச வீட்டிலை தனிய என்ன செய்யிறியள்? கூரையும் தட்டை, சுவரும் இல்லை. அதை வீடெண்டு ஆர் சொன்னது? வித்துப்போட்டு இஞ்சை வாங்கோ. பியர்ஃபித்திலை எங்களுக்குக் கிட்ட இடம் பாத்து வைச்சிருக்கிறன்."

இவ்வளவும் அப்பா. நான் கேட்பது ஒன்றுதான்: வருடாவருடம் உங்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிற சனம் நீங்கள் சமைக்கிற குசினிக்குள்ளும் வருமா? எங்கள் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்டாலே எனக்கு வாய் திறக்காது.

அன்புடன்,
லக்ஷனா

கலிபோர்னியா
20 பெப்ரவரி 2014

அன்பு மகள் லக்ஷனா,

குசினிக்குள் மட்டுமா? குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைப் படம் எடுக்கிறார்கள். இது 1957இல் கட்டிய வீடு. இதைப்போல இந்த ஊரில் இருந்த பலவற்றை இடித்து மாளிகை கட்டிவிட்டார்கள். மிஞ்சியதைக் காப்பாற்ற ஒரு சங்கம் இருக்கிறது. வருடத்தில் ஒரு வாரம் பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

பால் காய்ச்சிய அன்று உன் மாமா முன்கதவில் மூன்று குங்குமப் பொட்டு வைத்தார். வழிகாட்டிப் பெண் அதைக் காட்டி, "வீட்டை வடிவமைத்தவர் கடைசியாகச் சேர்த்த அலங்காரம்" என்று விளக்குகிறாள். இரண்டு முறை திருத்தினேன். அவளுக்குத் தன் விளக்கம்தான் பிடித்திருக்கிறது. நான் களைத்துவிட்டேன்.

உன் அப்பாவிடம் சொல்: விடியும்போது எதிரே இருக்கும் மலை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பியர்ஃபித்தில் எந்த மலை வரும்? நான் விற்கவில்லை.

இப்படிக்கு,
மாமி

கலிபோர்னியா
14 மார்ச் 2014

மகள்,

உன் பதில் வரமுதலே எழுதுகிறேன். நேற்று நோர்வேயிலிருந்து ஒருவர் என் வீட்டுக்கு விலை கேட்டார். இன்று கனடாவிலிருந்து மகேந்திரராசா என்று ஒருவர்: "அக்கா, கிழக்கு வாசலோ? இடிச்சுப்போட்டு மாடி எடுக்கலாமோ?" உன் அப்பா பாரிஸ் தமிழ்ப் பேப்பரில் என் நம்பரோடு விளம்பரம் போட்டிருக்கிறான். என்னை ஒரு சொல் கேட்கவில்லை. பதினைந்து வயதில் என் சைக்கிளையும் இப்படித்தான் விற்றான்.

ஆகையால் சங்கத்தின் பத்திரத்தில் கையெழுத்திடப் போகிறேன். பிறகு இந்த வீட்டை நானும் இடிக்க முடியாது, எனக்குப் பின் வருகிறவனும் இடிக்க முடியாது. நான் இருக்கும்வரை இங்கேதான் இருப்பேன். அவனிடம் பக்குவமாகச் சொல்.

மாமி

லா சப்பல், பாரிஸ்
29 மார்ச் 2014

அன்புள்ள மாமிக்கு,

பக்குவமாகத்தான் சொன்னேன். கடையில் ஆட்கள் நிற்கும்போதே அப்பா கத்தினார். பிறகு தாளை என் முன்னால் போட்டார்.

"எழுது. கையெழுத்து வைச்சால் எனக்கு அக்கா எண்டு ஒருத்தியும் இல்லை."

நான் எழுதவில்லை.

"எழுதடி."

"அதை நீங்களே எழுதுங்கோ அப்பா."

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற றஜனி அன்ரி, "உவளுக்கு வாய் இருக்குதெண்டு இண்டைக்குத்தான் தெரியும்" என்றா. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் பேனையை அப்பாவின் பக்கம் தள்ளிவிட்டேன். பின்னேரம்வரை அவர் அதைத் தொடவில்லை. வந்தவர்களுக்கு மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடை பூட்டும்போது எடுத்தார். கீழே இருப்பது அவரே தன் கையால் எழுதியது. நான் ஒன்றும் திருத்தவில்லை.

லக்ஷனா

அக்கா,

இவளும் சொல்வழி கேக்கிறாள் இல்லை. உங்கடை ரத்தம். பேப்பர்காரனிட்டைச் சொல்லி விளம்பரத்தை எடுத்துப்போட்டன். கையெழுத்து வைக்கிறதெண்டால் வையுங்கோ. கண்ணாடிக்குள்ளாலை ஆர் பாத்தாலும் நீங்கள் தனிய எண்டு தெரியும், அதுதான் எனக்கு இஞ்சை நித்திரை இல்லை. என்ரை பழைய சப்பாத்து ஒரு சோடி அனுப்புறன். வாசலிலை வையுங்கோ. உள்ளுக்கை ஆம்பிளை இருக்கெண்டு நினைக்கட்டும்.

தம்பி
வரதராசா