சித்திக்கு எடுத்துப் போக வேண்டியது

பாப்பா,

கண்ணாடிக் கடையை இன்று நான்தான் திறக்க வேண்டும். உன்னை எழுப்பாமல் கிளம்புகிறேன். சோறும் முட்டையும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டே போ.

உன் அப்பாவைப் பறிகொடுத்து நிற்கும் சித்திக்கு நீ வாங்கிய வாசனை மெழுகுவர்த்தியைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். திட்டாதே. அதற்காக மூன்று கடை ஏறி இறங்கினாயாமே! என் பிறந்தநாளுக்குப் போனில் ஒரு பூப்படம் வந்ததோடு சரி. வயிறு எரியத்தான் செய்கிறது.

ஆனாலும் மெழுகுவர்த்தி வேண்டாம். அன்றைக்கு அப்பா என்னை விட்டு அவளிடம் போனபோது, அந்த வாரம் முழுக்க நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. மாடி வீட்டு அக்கா தினமும் பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போவார். அதுதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. மேசையில் புது பிளாஸ்க் இருக்கிறது. காபி போட்டு, ஊற்றி எடுத்துப் போ. நான் கொடுத்ததாகச் சொல்லாதே.

நேற்று, "நீ ஏம்மா அழற? உனக்கும் அவருக்கும்தான் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டாய். சேர்ந்து வாழ்ந்த பதினொரு வருஷம் இருக்கிறது, பாப்பா. நீயும் இருக்கிறாய்.

கேஸை மூடிவிட்டுக் கிளம்பு.

அம்மா

பி.கு.: துக்கம் விசாரிக்க எல்லோரும் அவள் வீட்டுக்குத்தான் போகிறார்கள். நீ திரும்பி வந்ததும் என்னிடமும் ஒரு வார்த்தை விசாரி.