நூலில் கோத்த புரோகிராம்

13.8.1973, இரவு எட்டரை மணி. கம்ப்யூட்டருக்கான துளையிட்ட அட்டைகள் 186. அத்தனையும் நாசம்.

நாளை மதுரைக் கம்பெனியில் என் புரோகிராமை ஓட்டிக் காட்டினால்தான் வேலை. நான் குளித்துவிட்டு வருவதற்குள், ஜக்கார்டு தறிக்கு டிசைன் அட்டைகளைக் கோப்பதுபோல, நெசவாளியான அப்பா ஓரத்தில் ஓட்டை போட்டு எல்லாவற்றையும் நூலில் கோத்துவிட்டார்.

“அட்டைன்னா கோத்து வைக்கணும்லே. கலைஞ்சா என்ன செய்வ? இதைக்கூடவா காலேஜுல சொல்லித் தரல?”

பி.ஈ. படித்தவனுக்குத் தறிப் பாடம். புது ஓட்டையையும் மெஷின் எழுத்தாகப் படித்துவிடும் என்றேன்.

“அப்ப அதுக்குத் தறி அளவுக்கும் புத்தி இல்ல.”

1. முதல் பஸ்ஸில் போய் அத்தனை அட்டைகளையும் புதிதாக அடிக்க வேண்டும்.
2. அதுவரை நூலை அறுக்கக் கூடாது. வரிசை எண் போட மறந்தவன் நான்.
3. இதை அவரிடம் சொல்லக் கூடாது.