வெற்றிலையோடு பறந்த வினா

நலம் பெருகுக. மழை பொய்யாத வெண்கோட்டு நாட்டை முறை வழுவாது ஆளும் வேங்கைக்கொடியுடைய அரசியார் பெருந்தேவி நெய்தலங்கோதையார் திருவாணைப்படி, அவர்தம் அமைச்சர் இளவெயினனார், ஏரியும் கழனியும் நிறைந்த ஊர்களின் அவையோர் அனைவர்க்கும் விடுக்கும் வெற்றி ஓலை. உங்கள் குடி தழைக்க. உங்கள் கரைகள் உறுதி பெறுக.

கார்காலம் வருமுன் எந்த ஏரிக்கரை நலிந்துள்ளது என்று அறிய விரும்பிய அரசியார், ஊர்தோறும் புறாக்காலில் வினா ஓலை அனுப்பப் பணித்தார். உண்மை தெரியாமல் ஒரு கரையேனும் உடைந்தால், அமைச்சர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீடு செல்லலாம் என்றும் அருளினார். அன்று முதல் அமைச்சருக்குச் சோறு இறங்கவில்லை. போன புறாக்களோ வெறுங்காலோடு திரும்பின. உள்ளதைச் சொன்னால் வரி ஏறும் என்று நீவிர் அஞ்சியிருந்தீர். விடை தருவோர்க்குப் பொற்பூ பரிசு என்று அமைச்சர் அறிவித்தார். உடனே ஓலைகள் வந்து குவிந்தன. ஏரியே இல்லாத மலையூரார், தம் ஏரி இன்றோ நாளையோ உடையும் என்று எழுதியிருந்தனர். ஆசை வெட்கம் அறியாது, மலையூர்ப் பெருமக்களே!

வெகுண்ட அமைச்சர், இவர்களை வெற்றிலை பாக்கு வைத்துத்தான் அழைக்க வேண்டும் போலும் என்று பல்லைக் கடித்தார். அருகிருந்த, அரண்மனை ஓலைகளை எழுதி அனுப்பும் ஓலைநாயகம் நன்னாகனார்க்குச் செவி கூர்மை, ஆனால் குத்தல் பேச்சு மட்டும் பிடிபடாது. அதை ஆணையென்றே கொண்டு, புறாக்கள்தோறும் வினாவோடு ஒரு கொழுந்து வெற்றிலையும் பாக்குச் சீவலும் கட்டிப் பறக்கவிட்டார். செய்தி அறிந்த அமைச்சர் மோதிரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார், இனி அது தமதன்று என்றே எண்ணி.

ஆனால் புறாக்கள் திரும்பின, கால் நிறைய விடையோடு! முதலில் வந்தது சேந்தன்குடியார் ஓலை. அரண்மனை வெற்றிலையை வாங்கி மென்றபின் வாய்மூடி இருத்தல் எம் குடிக்கு அழகன்று என்றும், வரிக்கு அஞ்சி மறைத்தோம், பெரிய மதகின் அடியில் நீர் கசிகிறது என்றும் அவர் விண்ணப்பித்திருந்தனர். தச்சரும் மண்வெட்டியாளரும் அன்றே விரைந்தனர். கரை கட்டி முடித்த கையோடு வானம் பிளந்து கொட்டியது. கரை அசையவில்லை, கீழிருந்த ஊர்கள் யாவும் பிழைத்தன. மகிழ்ச்சியில் அமைச்சர் மழையில் நனைந்தபடியே கூத்தாடினார் என்பதை மறைப்பானேன்!

ஆகவே ஆணை: பரிசு காட்டிக் கேட்டது பொய்யை விளைத்தது, மதித்துக் கேட்டது உண்மையை விளைத்தது. இனி அரண்மனை வினா எதுவும் வெற்றிலையின்றிப் போகலாகாது. மெய்யுரைத்த ஊர்க்கு அதன் பொருட்டு வரி ஏறாது. மலையூரார் கேட்ட பொற்பூ நன்னாகனார் முடியில் சூட்டப்படும். அவர்க்கு அது ஏனென்று இன்னும் விளங்கவில்லை.

இவ்வோலையோடும் வெற்றிலை வருகிறது. முதலில் அதை எடுத்துக்கொள்க. பின்னர் உங்கள் ஊர்க் குடிநீர் எப்படி என்று எழுதுக. கைவிட்டுப் போக இருந்த அதே மோதிரத்தால், இளவெயினனார் இட்ட முத்திரை இது.